தப்பாவ் பண்ணிய சிரிப்பு

பிரிக்பீல்ட்சில் உஷாராணி அக்காவின் வாழையிலைச் சோற்றுக்கடையில், கட்டிக் கொடுக்கும் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று, மகதலேனா ஒரு நாளைக்கு முந்நூறு தடவையாவது ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"இங்க சாப்புடுறீங்களா, தப்பாவா?"

தப்பாவ் என்றால் கட்டி எடுத்துக்கொண்டு போவது. சீனர்களிடமிருந்து எப்போதோ வாங்கிய சொல். வாங்கியதைத் திருப்பிக் கொடுக்கும் எண்ணம் எங்கள் மலேசியத் தமிழர்களுக்கு இல்லை. சோற்றைத் தப்பாவ் பண்ணுவோம், தேநீரைத் தப்பாவ் பண்ணுவோம், கல்யாண வீட்டில் மிஞ்சிய பாயசத்தையும் விடமாட்டோம்.

ஒரு நாள் மதியம் இப்படிக் கேட்டபோது ஒரு மனிதர் பதிலே சொல்லாமல், கண்ணாடிக்கு வெளியே நின்ற தன் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். சாதாரணச் சிரிப்புதான். ஆனால் மகதலேனாவுக்கு அதைச் சோற்றோடு சேர்த்துக் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் போலிருந்தது. அன்று மாலை செந்தூலில் இருக்கும் வீட்டுக்குக் கொமுட்டர் ரயிலில் போகும்போதே நாலு வரி வந்துவிட்டது.

உன் சிரிப்பைத் தப்பாவ் பண்ணிட்டேன்,
செந்தூல் ரயிலில் ஏறிட்டேன்.
பிரிச்சுப் பாக்கும் ஆசையில
எறங்க மறந்து போயிட்டேன்.

அவள் கணவன் ஐவன் ஏர்கான், அதாவது ஏசி, பழுது பார்க்கிறவன், கிதாரும் வாசிப்பான். மாதா கோயில் பாட்டுக்குழுவில்தான் இருவரும் பழகியது. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் பாடிக் காட்ட, அவன் கிதாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். மூன்று வாரத்தில் பாட்டு முழுசாகி, கிள்ளானில் ஒரு நண்பர் படுக்கையறையையே ஒலிப்பதிவுக் கூடமாக்கி வைத்திருந்தார், அங்கே போய்ப் பதிவும் பண்ணிவிட்டார்கள். நடுவில் ரெண்டு தடவை கோழி கூவியது. அதைத் தவிர எல்லாம் ஒழுங்காக நடந்தது.

பதினைந்து வருஷமாக மகதலேனா கல்யாண மேடைகளில் அடுத்தவர் பாட்டைத்தான் பாடி வந்தாள். தன் பாட்டைத் தன்னைத் தெரியாத ஒருவர், ஒரே ஒருவர், காது கொடுத்துக் கேட்க வேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் ஆசை. சின்ன ஆசைதான். ஆனால் அதற்குத்தான் எங்கள் ஊர்ப் பணத்தில் ஒன்பதாயிரம் வெள்ளி கேட்டார்கள்.

கேட்டவர் ராதாகிருஷ்ணன். பிரிக்பீல்ட்சிலேயே ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் 'இசைக்கூடல்' என்ற இசை நிறுவனம் வைத்திருப்பவர். வரிகள் ஓடும் வீடியோ, பாட்டுப் பட்டியல்களில் இடம், ஒரு லட்சம் பேர் பார்வை எல்லாம் முதல் கட்டம், நாலாயிரம். வானொலி, பேட்டி, பெரிய பேனர் இரண்டாம் கட்டம், ஐயாயிரம்.

அவளிடம் பணம் இருந்தது. கடைப் பெண்கள் பன்னிரண்டு பேர் மாதாமாதம் போட்ட கூட்டுப் பணம் அந்த மாதம் அவள் முறைக்கு வந்திருந்தது. ஆனால் அது ஐவனின் வேனுக்கு என்று ஒதுக்கியது. அந்த வேன் மேடு ஏறும்போது போடும் சத்தத்துக்குத் தெருநாய்களே எழுந்து வழி விடும்.

"சமைக்கிறவ சாப்புடுறவனுக்குக் காசு குடுப்பாளா, லேனா?" என்றான் ஐவன். "நீ பாட்டு குடுக்கிற. கம்பெனிதான் உனக்குக் காசு குடுக்கணும். நீ ஏன் அவனுக்குக் குடுக்கிற?"

"உஷாராணி அக்கா சோறு டெலிவரி பண்றவனுக்குக் கமிஷன் குடுக்கிறாங்கதானே? அது சாப்புடுறவனுக்குக் குடுக்கிற காசா? கொண்டு சேக்கிறதுக்குக் குடுக்கிறது."

"அங்க சோறு போய்ச் சேந்துச்சான்னு தெரியும் லா. சேரலன்னா போன் அடிச்சு ஏசுவாங்க."

அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ரெண்டு நாள் கழித்து ஐவனே வந்து, "வேனு இன்னும் ஒரு வருஷம் ஓடும். கட்டு" என்றான். வேன் ஓடாது என்று இருவருக்கும் தெரியும். அவன் அப்படிச் சொன்னதற்காகவே அவனைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது அவளுக்கு. கட்டியும் பிடித்தாள்.

முதல் கட்டத்தைக் கட்டினாள். வீடியோ வெளியானது ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு. கடையில் கூட்டம் சேரும் முன் சமையல்கட்டில் உஷாராணி அக்காவும் அவளும் போனுக்கு முன்னால் தலையை முட்டிக்கொண்டு நின்றார்கள். கிதார் வந்தது. ரயில் படம் வந்தது. அவள் குரல் வந்தது. மகதலேனாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பிறகு, திரை முழுக்க, மஞ்சள் எழுத்தில், முதல் வரி வந்தது.

உன் சிரிப்பைத் தப்பா பண்ணிட்டேன்.

ஒரே ஒரு 'வ்' போயிருந்தது. சென்னையில் யாரோ ஒரு தம்பியிடம் வீடியோ வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் ஊரில் சோற்றைப் பார்சல்தான் கட்டுவார்கள். பாவம், இந்த அக்காவுக்கு எழுத்துப் பிழை என்று நல்ல எண்ணத்தில் திருத்தியிருக்கிறார். பல்லவி நாலு தடவை வருகிறது. நாலு தடவையும் மகதலேனா ஒருவருடைய சிரிப்பைத் தப்பாகப் பண்ணிக்கொண்டிருந்தாள்.

உஷாராணி அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பில் இருந்த அப்பளம் கருகிவிட்டது.

"அப்படி என்னடி பண்ண அந்தச் சிரிப்ப?"

மகதலேனா ராதாகிருஷ்ணனுக்குப் போன் பண்ணினாள். அவர் பதறவே இல்லை. "இப்ப மாத்தணும்னா வீடியோவ எடுத்துட்டுத் திரும்பப் போடணும்மா. ஏறின எண்ணிக்கை எல்லாம் போயிடும். ஒரு எழுத்துதானே? யாரு கவனிக்கப் போறா?"

கவனிக்காமல் விடுவார்களா! பாட்டுக்குழுவின் வாட்சப்பில் மூன்று நாள் இதே பேச்சு. காலை வணக்கம் போட்டால்கூட, "காலைய தப்பா பண்ணிடாத மகதலேனா" என்று பதில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் பெர்னிஸ், அந்தக் குழுவின் தலைவி, கையைப் பிடித்துக்கொண்டு, "பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டியா? தப்பெல்லாம் பாட்டுல சொல்லக்கூடாது, சாமியார்கிட்ட சொல்லணும்" என்றாள். மகதலேனாவும் சிரித்து வைத்தாள். தெரிந்தவர்கள் வாய் அப்படித்தான்.

ஆனால் வெளியாட்கள் தங்கமானவர்கள். எண்ணிக்கை முதல் நாளே இருபதாயிரம், மூன்றாம் நாள் எழுபதாயிரம். செவ்வாய்க்கிழமை ஒரு லட்சத்தைத் தாண்டியது. கீழே இருநூறுக்கு மேல் கருத்துகள். சூப்பர். நைஸ் சாங். அருமை. நெருப்பு, இதயம், கைதட்டல். ஒருவர்கூட அந்த எழுத்தைச் சொல்லிக் காட்டவில்லை. ஊர் பேர் தெரியாத ஜனங்களுக்கு இவ்வளவு மரியாதையா என்று அவளுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. ரயிலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களை ஒவ்வொருவராகப் பார்ப்பாள். இவராக இருக்குமோ, அந்தக் காதில் ஒயர் மாட்டிய பெண்ணாக இருக்குமோ?

இரண்டாம் கட்டத்துக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஐயாயிரத்தைக் கட்டிவிடுவது என்று முடிவு பண்ணியே வைத்திருந்தாள். ஐவனும் ஒரு லட்சத்தைப் பார்த்து வாயை மூடிக்கொண்டான். என்னதான் கணக்குப் பேசினாலும் மனைவி பாட்டை ஒரு லட்சம் பேர் கேட்டால் எந்தப் புருஷனுக்குத்தான் நெஞ்சு நிமிராது?

வியாழக்கிழமை காலை கடையில் ஆள் குறைவு. வாசல் பலகையில் அன்றைய சிறப்பு உணவை எழுதுவதும் அவள் தலையில் விழுந்தது. கையில் அகப்பையோடு ஓடிவந்து, பேனாவை எடுத்து, விறுவிறுவென்று எழுதிவிட்டு மறுபடி உள்ளே ஓடினாள்.

முதலில் வந்தவர் கமலநாதன் அங்கிள். வக்கீல் ஆபீசில் வேலை செய்பவர், பத்து வருஷமாக அதே மேசை. உட்காருவதற்கு முன்பே, "தங்கச்சி, மின் கறி சாப்புட்டா ஷாக் அடிக்குமா?" என்றார்.

அவளுக்குப் புரியவில்லை. எட்டிப் பார்த்தாள். பலகையில் மீனுக்குப் பதில் 'இன்றைய ஸ்பெஷல்: மின் கறி' என்று கொட்டை எழுத்தில் நின்றது. மேலே போட வேண்டிய சுழி அவசரத்தில் போய்விட்டது.

அழிக்கப் போனவளை உஷாராணி அக்கா விடவில்லை. "இருக்கட்டும்டி, நல்லா இருக்கு."

அடுத்து வந்த ரெண்டு பையன்கள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டுமா என்று கேட்டார்கள். ஒரு ஆன்டி, மாதாமாதம் பில் வீட்டுக்கு வருமா என்றார். தப்பாவ் வாங்க வந்த லோரி டிரைவர், இதற்கு முன் இந்தக் கடைக்கே வராதவர், பொட்டலத்தை வாங்கி உதறுவதுபோல் நடித்துவிட்டு, "பியூஸ் போயிடுச்சு பாஸ், வேற குடுங்க" என்றார். கடையே சிரித்தது. மகதலேனாவும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பன்னிரண்டரை மணிக்குள் பதினோரு பேர் சொல்லிவிட்டார்கள். கடைக்கு வந்தவர்களே மொத்தம் நாற்பது பேர்தான் இருக்கும்.

பதினோராவது ஆள் ஒரு நர்ஸ். அந்தப் பெண் கிண்டல் பண்ணிவிட்டுக் காசைக் கொடுத்தபோது மகதலேனா மீதியை எடுக்காமல் அப்படியே நின்றாள். சிரிப்பு போய்விட்டது.

நாற்பது பேரில் பதினோரு பேர். ஒரு சுழிக்கு.

ஒரு லட்சம் பேரில்?

"அக்கா, சில்லறை" என்றாள் நர்ஸ்.

கொடுத்தாள். கை மட்டும் கொடுத்தது. நம் ஆட்கள் ஒரு எழுத்து பிசகினால் விடுகிறவர்களா! கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளை பேரில் ஒரு புள்ளி போனால் பேரன் பிறக்கும் வரைக்கும் சொல்லிக் காட்டுகிற ஜனம். அப்படிப்பட்டவர்கள் ஒரு லட்சம் பேர், நாலு தடவை, திரை நிறைய மஞ்சளில் பார்த்துவிட்டு மரியாதையாக வாயை மூடிக்கொண்டு போனார்களாம். அவள் அதை நம்பினாள். நம்பி, ரயிலில் முகம் முகமாகத் தேடினாள். அந்த நினைப்புதான் அவளை அதிகமாகச் சுட்டது. யாருமே கேட்கவில்லை. கோழி கூவியதைக்கூட யாரும் கேட்கவில்லை.

அன்று மாலை ஐவனிடம் சொன்னாள். அவன் "நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லவில்லை. கருத்துகளை முதலிலிருந்து கடைசி வரை விரலால் தள்ளிக்கொண்டே போனான். கடைசியில், "எல்லாரும் ரொம்ப நல்லவங்களா இருக்காங்க லேனா" என்றான் மெதுவாக. அவன் குரலில் கிண்டல் இல்லை. அவனுக்கும் வலித்தது என்று அவளுக்குத் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, கடை ஓய்ந்த நேரம், அவள் இசைக்கூடல் மாடி ஏறினாள். சண்டை போடத்தான் நினைத்துக்கொண்டு போனாள். ராதாகிருஷ்ணன் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டு, கீழே இருந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரேக் தேநீர் வரவழைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் சண்டை வரவில்லை.

"அண்ணே, ஒண்ணு கேக்கிறேன். கடையில பலகையில ஒரு எழுத்து தப்பா எழுதிட்டேன். நாப்பது பேர் வந்தாங்க. பதினோரு பேர் ஓட்டிட்டாங்க."

"ஓட்டாம? நம்ம ஆளுங்கம்மா."

"பாட்டுல ஒரு எழுத்து தப்பு. ஒரு லட்சம் பேர் பாத்தாங்க. ஒருத்தர்கூட ஓட்டல."

அவர் டம்ளரைக் கையில் எடுத்தவர், குடிக்காமல் மறுபடி வைத்தார்.

"யாரு கவனிக்கப் போறான்னு சொன்னீங்க. சரியாத்தான் சொன்னீங்க அண்ணே. யாருமே கவனிக்கல. இவங்கல்லாம் யாரு?"

கீழே பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அவர் எழுந்து ஜன்னலைச் சாத்திவிட்டு வந்தார்.

"தெரியலம்மா" என்றார். "நான் ஒரு ஏஜென்சிக்குக் கட்டுறேன். அவங்க எனக்கு எண்ணிக்கை காட்டுறாங்க, நான் உங்களுக்குக் காட்டுறேன். நானும் வீடியோவ முழுசாப் பாக்கல. முன்னல்லாம் கேசட் வித்துச்சு, சிடி வித்துச்சு. வித்த காசுல பாடகருக்குக் குடுத்தேன். இப்ப எவன் வாங்குறான்? பாடுறவங்ககிட்ட வாங்கலன்னா இந்த மாடிக்கு வாடகை எங்கேருந்து வரும், சொல்லுங்க."

பொய் சொல்லாமல் சொன்னது அவளுக்குப் பிடித்திருந்தது. கோபமும் இருந்தது, ரெண்டும் சேர்ந்தே இருந்தது.

"காசு வாங்கினது தப்புன்னு சொல்ல வரல. சோறு கொண்டு போறவனுக்கே கூலி குடுக்கணும். ஆனா நீங்க காது கொண்டு வரேன்னு சொல்லிட்டு எண்ணிக்கையக் கொண்டு வந்துட்டீங்க. எனக்கு அது வேணாம் அண்ணே. ரெண்டாவது கட்டம் வேணாம். அந்த வீடியோவையும் எடுத்துடுங்க."

"ஒரு லட்சம் போயிடும்மா."

"போகட்டும். அது என்னுது இல்ல."

கட்டின நாலாயிரம் செலவாகிவிட்டது, திருப்பித் தர முடியாது என்று அவர் சொல்ல, எதிர்பார்த்ததுதான் என்று அவள் எழுந்தாள். அவரே கணினியில் வீடியோவை எடுத்தார். ஒரு லட்சத்துச் சொச்சம் ஒரு அழுத்தில் இல்லாமல் போனது. வாசல் வரை வந்தவர், 'வ்' போட்டுத் திருத்திய வீடியோவை இலவசமாக அனுப்பி வைப்பதாகச் சொன்னார். சொன்னபடி மறுநாளே அனுப்பினார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஐயாயிரமும் வேனின் புது கியர் பெட்டிக்குப் போனது. தெருநாய்கள் இப்போது எழுவதில்லை.

பாட்டை மகதலேனா தன் பேரிலேயே ஏற்றினாள். பிறகு பிரிக்பீல்ட்சில் ஒரு அச்சுக்கடைக்குப் போய், போன் கேமராவைக் காட்டினால் நேரே பாட்டுக்குப் போகும் கியூஆர் கட்டத்தைப் போட்டு ஆயிரம் ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்தாள். அறுபது வெள்ளி. 'சோத்தோடு ஒரு பாட்டும் தப்பாவ்' என்று கீழே ஒரு வரி. தப்பாவ் பொட்டலத்தில் ஒட்டலாமா என்று கேட்டபோது உஷாராணி அக்கா ஸ்டிக்கரைக் கண்ணாடி போட்டுப் பார்த்தார்.

"என் கடை பேர விட உன் பேரு பெருசா இருக்கு."

"ஒரே சைஸ்தான் அக்கா."

"ஒட்டு, ஒட்டு. கொழம்பு ஒழுகாத பக்கமாப் பாத்து ஒட்டு."

ஐவன் மட்டும் விடவில்லை. "இதுவும் நீ காசு குடுத்துதானே?"

"ஆமா. ஆனா இது ஒரு கையிலேருந்து இன்னொரு கைக்குப் போகுது. அந்தக் கைய நான் பாக்கிறேன்."

முதல் வாரம் பதினேழு பேர் பார்த்திருந்தார்கள். அதில் ஒன்பது ஐவன். மூன்றாம் வாரம் நாற்பத்து மூன்று. கருத்து ஒன்றுமில்லை. அவள் ஒட்டிக்கொண்டே இருந்தாள். சில நாள் ஸ்டிக்கர் பொட்டலத்தோடு குப்பைத்தொட்டியில் கிடப்பதை அவளே பார்ப்பாள். அந்த மாதிரி நாட்களில், ஒரு லட்சம் பொய்யாக இருந்தாலும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது என்று தோன்றும். தோன்றியதை யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு புதன்கிழமை, மதியக் கூட்டம் வடிந்து, அவள் ஸ்டூலில் உட்கார்ந்து தன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது போன் டிங் என்றது. இடது கையால் திறந்தாள். சிவநேசன் என்று ஒரு பேர். தெரியாத பேர்.

"அக்கா, நேத்து உங்க கடையில மீன் கறி தப்பாவ் பண்ணேன். ரயில்ல ஒக்காந்து சும்மா பாட்டப் போட்டேன். எறங்க மறந்துட்டேன்னு பாடுறீங்க, நானும் செந்தூல்ல எறங்காம பத்துமலை வரைக்கும் போயிட்டேன். சோறு ஆறிப்போச்சு. வீட்டுல ஏச்சு. கூடுதலாப் போன டிக்கெட் காசு ரெண்டு வெள்ளி யாரு குடுப்பா? அப்புறம் அந்த ரெண்டாவது பல்லவியில கூவுற கோழி யாரு வீட்டுக் கோழி?"

அவள் ரெண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை எழுத்து கலங்கியது. வாயில் சோற்றோடு புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். பதினைந்து வருஷம், அவ்வளவு மேடை, அவ்வளவு கைதட்டல். அதில் ஒருவரையும் அவள் ஒரு நிறுத்தம்கூடத் தள்ளிக் கொண்டுபோய் இறக்கியதில்லை.

உஷாராணி அக்கா பதறி வந்தார். "என்னடி, முள்ளு மாட்டிக்கிச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுக் கையைக் கழுவப் போனாள். கழுவிவிட்டு ஐவனுக்குப் போன் பண்ணி அதை வரிவிடாமல் படித்துக் காட்டினாள். அந்தப் பக்கம் அவன் படி இறங்கும் சத்தம் கேட்டது. யார் வீட்டு ஏர்கானுக்கோ ஏணியில் நின்றிருப்பான்.

"அப்ப," என்றான், "சாப்புட்டவனுக்கே காசு குடுக்கப் போற?"

"ஆமா" என்றாள் மகதலேனா.

சிவநேசனுக்கு, 'கடைக்கு வாங்க, நான் தரேன்' என்று பதில் போட்டாள். பிறகு பர்சைத் திறந்து ஒரு வெள்ளி நோட்டு ரெண்டை எடுத்து, கசங்கலை நீவி, கல்லாவில் சேர்ந்துவிடாமல் ஸ்டிக்கர் கட்டுக்கு அடியில் தனியாக வைத்தாள். அதற்குள் வாசலில் ஆள் வந்து நின்றது.

"இங்க சாப்புடுறீங்களா, தப்பாவா?" என்று கேட்டாள்.